படிக்கத் தெரியுது… எழுதத் தெரியலையே! விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்து டிவிடி ‘பர்ன்’ செய்வது எப்படி?

ஒரு சின்ன வீடியோ ஸ்டுடியோவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 2008-ல் கல்யாணம் முடித்த தம்பதி வந்து நிற்கிறார்கள். வீட்டில் இருந்த கல்யாண டிவிடியில் கீறல் விழுந்து, சரியாகத் தாலி கட்டும் இடத்தில் படம் சிக்கிக்கொள்கிறது. “இன்னொரு காப்பி போட்டுத் தர முடியுமாண்ணே?” என்று கேட்கிறார்கள்.

ஸ்டுடியோக்காரரிடம் அந்த ப்ராஜெக்ட் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பி-யில் மட்டும்தான் ஓடும். அந்தப் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய் வருஷக்கணக்காகிறது. நல்லவேளையாக, கடையில் வேலை பார்த்த பையன் ஒருவர் அந்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ‘விர்ச்சுவல் மெஷின்’ ஆக மாற்றி, புது லேப்டாப்பில் ஓடுகிற மாதிரி செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எக்ஸ்பி திறக்கிறது. ப்ராஜெக்டும் திறக்கிறது. மெனு, பின்னணிப் பாட்டு, போட்டோ ஸ்லைடு எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. யுஎஸ்பி-யில் ஒரு டிவிடி ரைட்டரைச் செருகி, ஏதோ ஒரு பழைய டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கிறார். எக்ஸ்பி-க்குள்ளேயே அழகாகத் திறக்கிறது. சரி என்று புது டிஸ்க்கைப் போட்டு ‘பர்ன்’ பட்டனை அழுத்தினால், ‘ரெக்கார்டர் எதுவும் இல்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

ரைட்டர் கண் முன்னாடி விளக்கு எரிந்தபடி உட்கார்ந்திருக்கிறது. படிக்கவும் செய்கிறது. அப்புறம் எப்படி ‘இல்லை’?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், தீர்வு எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னுமா டிஸ்க்?

‘பென் டிரைவே பழசாகிவிட்டது, இப்போ போய் டிவிடியா?’ என்று தோன்றலாம். தோன்றுவதில் தப்பில்லை. 2008-ல் வந்த மேக்புக் ஏர் லேப்டாப்பிலேயே டிஸ்க் டிரைவ் கிடையாது. எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு சோனி நிறுத்திக்கொண்டது. இன்று கடைக்குப் போய் லேப்டாப் வாங்கினால் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஆனாலும் டிஸ்க் முழுசாகப் போய்விடவில்லை. எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுத்தால் படங்களை டிஸ்க்கில் போட்டுத் தரும் சென்டர்கள் இருக்கின்றன. வழக்குகளில் வீடியோ, ஆடியோ ஆதாரங்கள் டிஸ்க்கில் தாக்கலாகின்றன. ஒருமுறை எழுதும் டிஸ்க்கில் எழுதி மூடிவிட்டால், பிறகு யாரும் அதில் திருத்தி எழுத முடியாது. பென் டிரைவில் இல்லாத இந்த வசதிதான் சில இடங்களில் டிஸ்க்கை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது.

டிஸ்க் எழுதும் சாஃப்ட்வேர்களில் பலவும் 15, 20 வருஷத்துக்கு முந்தையவை. விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியே நிறுத்திவிட்டது. அந்தக் காலத்து சாஃப்ட்வேரை இன்றைக்கு ஓட்ட வேண்டுமானால், பலருக்கும் இருக்கிற ஒரே வழி விர்ச்சுவல் மெஷின்தான். மேக்கிலோ லினக்ஸிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு விண்டோஸ் சாஃப்ட்வேருக்காக விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மாடிப் போர்ஷனும் மோட்டார் சுவிட்சும்

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். வெளியே இருக்கும் நிஜக் கம்ப்யூட்டரை ‘ஹோஸ்ட்’ என்பார்கள். உள்ளே ஓடுவது ‘கெஸ்ட்’.

ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தனி வாசல், தனி சமையலறை, தனி குழாய். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வருகிறதா, வேறு எங்கிருந்தாவது வருகிறதா என்று அவர் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் தொட்டி காலியாகி மோட்டார் போட வேண்டும் என்றால்? சுவிட்ச் கீழே, ஹவுஸ் ஓனர் வீட்டுக்குள் இருக்கிறது.

கெஸ்ட்டின் நிலைமையும் அதேதான். அதற்குத் தெரிகிற ஹார்ட் டிஸ்க், உண்மையில் ஹோஸ்ட்டில் இருக்கும் ஒரு பெரிய ஃபைல். அதற்குத் தெரிகிற நெட்வொர்க் கார்டு, சாஃப்ட்வேர் போடும் வேஷம். டிவிடி டிரைவும் அப்படித்தான். விர்ச்சுவல்பாக்ஸில் ஓடும் விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ போய்ப் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கம்பெனியின் பெயர் இருக்காது. ‘விபாக்ஸ் சிடி-ராம்’ என்று ஒரு பெயர் இருக்கும். அப்படி ஒரு டிரைவை உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்கவில்லை. அது விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கிக் காட்டும் பொம்மை டிரைவ்.

இந்தப் பொம்மை டிரைவுக்குப் படிக்க மட்டும்தான் தெரியும்.

படிப்பது வேறு, எழுதுவது வேறு

டிஸ்க்கைப் படிப்பது எளிமையான வேலை. ‘இத்தனாவது பகுதியில் இருக்கும் 2,048 பைட்களைக் கொடு’ என்று கெஸ்ட் கேட்கும். பொம்மை டிரைவ் அதை ஹோஸ்ட்டிடம் சொல்லி, நிஜ டிஸ்க்கில் இருந்து எடுத்துத் தரும். டிஸ்க்குக்குப் பதில் ஒரு ஐஎஸ்ஓ ஃபைலில் இருந்து எடுத்துத் தந்தாலும் கெஸ்ட்டுக்கு வித்தியாசம் தெரியாது. தாமதமானாலும் பிரச்சினை இல்லை. ஒரு நொடி சுற்றிவிட்டுத் திறக்கும், அவ்வளவுதான்.

எழுதுவது அப்படி இல்லை. பர்ன் செய்யும் சாஃப்ட்வேர் டிரைவோடு நேருக்கு நேர் ஒரு நீண்ட பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். உள்ளே இருப்பது என்ன வகை டிஸ்க்? காலியா, பாதி எழுதியதா? எவ்வளவு இடம் இருக்கு? என்னென்ன வேகத்தில் எழுத முடியும்? லேசரை எவ்வளவு சக்தியில் வைக்கணும் என்று டிஸ்க்கின் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார். இப்போது டேட்டாவை வாங்கிக்கொள். கையில் மிச்சம் இருப்பதையும் எழுது. கடைசியில் டிஸ்க்கை மூடு.

இந்தப் பேச்சுக்கென்றே ‘எம்எம்சி’ என்ற பெயரில் கட்டளைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பொம்மை டிரைவ் அதில் படிப்பதற்கான பாதியை மட்டும் கற்று வைத்திருக்கிறது. ‘உனக்கு எழுதத் தெரியுமா?’ என்று சாஃப்ட்வேர் கேட்கும்போது, ‘தெரியாது’ என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. உடனே சாஃப்ட்வேர், ‘ரெக்கார்டர் இல்லை’ என்று திரையில் போடுகிறது. சாஃப்ட்வேர் மேலும் தப்பில்லை, ரைட்டர் மேலும் தப்பில்லை. நடுவில் நிற்கும் பொம்மைக்கு அந்த மொழி தெரியாது.

ஆக, தீர்வு மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பொம்மையை விலக்கி, கட்டளைகளை நிஜ டிரைவுக்கு அனுப்ப வேண்டும். அல்லது டிரைவையே கழற்றி கெஸ்ட் கையில் கொடுக்க வேண்டும். அல்லது எழுதும் வேலையை ஹோஸ்ட்டிடமே விட்டுவிட வேண்டும்.

வழி 1: ‘பாஸ்த்ரூ’ – சுவிட்சைத் தொட அனுமதி

விர்ச்சுவல்பாக்ஸில் இதற்கென்றே ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது. விர்ச்சுவல் மெஷினை முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டு, அதன் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதிக்குப் போங்கள். ஆப்டிகல் டிரைவில் ஐஎஸ்ஓ ஃபைலுக்குப் பதிலாக ஹோஸ்ட்டின் நிஜ டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ‘பாஸ்த்ரூ’ என்ற பெட்டி தெரியும். அதை டிக் செய்துவிட்டு மெஷினை ஸ்டார்ட் செய்தால், கெஸ்ட் அனுப்பும் எழுதும் கட்டளைகள் நிஜ டிரைவுக்குப் போய்ச்சேரும்.

இது ஏன் முதலிலேயே ஆனில் இல்லை? பாதுகாப்புதான் காரணம். கட்டளைகளை நேரடியாக அனுப்ப விட்டால், கெஸ்ட்டுக்குள் ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் டிரைவைக் கெடுக்கும் கட்டளையைக்கூட அனுப்பிவிடலாம். அதனால்தான் பாஸ்த்ரூ ஆனில் இருந்தாலும், டிரைவின் ஃபர்ம்வேரை மாற்றுவது போன்ற ஆபத்தான கட்டளைகளை விர்ச்சுவல்பாக்ஸ் வழியிலேயே தடுத்துவிடுகிறது. சுவிட்சைத் தொடலாம், மோட்டாரைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்கிற மாதிரி. இன்னொரு வரம்பும் உண்டு: 90-களில் படம் பார்த்த ‘விசிடி’ வகை டிஸ்க்குகள், பாஸ்த்ரூ போட்டாலும் விர்ச்சுவல்பாக்ஸில் ஓடாது.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் பயன்படுத்துபவர்களுக்கு இது தலைகீழ். அங்கே டிக் போடக் கூடாது, எடுக்க வேண்டும். சிடி/டிவிடி செட்டிங்ஸில் நிஜ டிரைவைத் தேர்ந்தெடுத்து, ‘அட்வான்ஸ்டு’ உள்ளே போனால் ‘லெகசி எமுலேஷன்’ என்று இருக்கும். அது டிக் ஆகியிருந்தால் பொம்மை டிரைவ்; டேட்டா டிஸ்க்கைப் படிக்க மட்டுமே உதவும். டிக்கை எடுத்துவிட்டால் கெஸ்ட் நிஜ டிரைவோடு நேரடியாகப் பேசும். (2024 நவம்பர் முதல் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ எல்லோருக்குமே இலவசம் என்பதால், இதை முயன்று பார்க்கப் புதிதாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.)

விண்டோஸோடு வரும் ‘ஹைப்பர்-வி’ வைத்திருப்பவர்கள் இந்த வழியில் நேரம் செலவழிக்க வேண்டாம். அதன் ‘ஜெனரேஷன் 2’ மெஷின்களில் நிஜ டிஸ்க் டிரைவை இணைக்கவே முடியாது. ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும்தான். அவர்கள் நேராக வழி 3-க்குப் போய்விடலாம்.

பாஸ்த்ரூ போட்டும் டிரைவ் வேலை செய்யவில்லையா? பெரும்பாலும் ஹோஸ்ட் குறுக்கே நிற்கிறது. புது டிஸ்க்கைப் போட்டவுடன், ‘இதை என்ன செய்யணும்?’ என்று விண்டோஸோ மேக்கோ தன் பங்குக்கு ஒரு பெட்டியைத் திறக்கும். அதை மூடிவிடுங்கள். ஹோஸ்ட்டில் ஆட்டோப்ளேயை ஆஃப் செய்துவைப்பது இன்னும் நல்லது. ஒரே டிரைவை ஒரே நேரத்தில் இரண்டு பேர் அதிகாரம் செய்தால் பாதிக்கப்படுவது உள்ளே இருக்கும் டிஸ்க்தான். லினக்ஸ் ஹோஸ்ட் என்றால், உங்கள் யூசர் ‘சிடிராம்’ குரூப்பில் இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி 2: டிரைவையே ஒப்படைத்துவிடுவது

இன்று பெரும்பாலானோரிடம் இருப்பது யுஎஸ்பி-யில் செருகும் வெளி ரைட்டர்தான். அது ஒரு வகையில் வசதி. கட்டளைகளை மட்டும் அனுப்புவதற்குப் பதிலாக, அந்த யுஎஸ்பி சாதனத்தையே கெஸ்ட்டிடம் கொடுத்துவிடலாம்.

விர்ச்சுவல்பாக்ஸில் ‘டிவைசஸ்’ மெனுவில் ‘யுஎஸ்பி’ போய் ரைட்டரின் பெயரை டிக் செய்தால் போதும். அந்த நொடியே ஹோஸ்ட்டில் இருந்து டிரைவ் மறைந்துவிடும், யாரோ வயரைப் பிடுங்கிய மாதிரி. கெஸ்ட்டுக்குள் அது புதிதாகச் செருகியது போலத் தோன்றும். இந்த முறை பொம்மைப் பெயர் இல்லை. ரைட்டரின் நிஜப் பெயரே வரும். பழைய பர்ன் சாஃப்ட்வேர்கள் சில, தங்களுக்குத் தெரிந்த டிரைவ் மாடலா என்று பெயரைப் பார்த்தே வேலை செய்யும். அவற்றுக்கு இந்த வழிதான் பொருத்தம்.

ஆனால் இதில் மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலாவது, யுஎஸ்பி வேகம். விர்ச்சுவல் மெஷினின் யுஎஸ்பி செட்டிங் 1.1-ல் இருந்தால், அதிகபட்சமே நொடிக்கு 1.5 எம்பி-தான். டிவிடியின் 1 எக்ஸ் வேகமே நொடிக்குச் சுமார் 1.385 எம்பி. 8 எக்ஸ் என்றால் 11 எம்பி வேண்டும். பெரிய டிரம்மை ஸ்ட்ரா வைத்து நிரப்புகிற கதையாகிவிடும். எனவே செட்டிங்கை 2.0-க்கு மாற்றுங்கள். எக்ஸ்பி-க்குள் 3.0 போடாதீர்கள், அதற்கான டிரைவர் எக்ஸ்பி-யோடு வருவதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் 7-க்கு முந்தைய பதிப்புகளில் 2.0 வேண்டுமானால் ‘எக்ஸ்டென்ஷன் பேக்’ தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். 7.0 முதல் அது கூடவே வருகிறது.

இரண்டாவது, கரண்ட். எழுதும்போது லேசருக்குச் சக்தி அதிகம் வேண்டும். படிக்கும்போது ஒழுங்காக இருந்த ஸ்லிம் ரைட்டர், எழுத ஆரம்பித்ததும் துண்டித்துக்கொண்டால், முதலில் விர்ச்சுவல் மெஷினைத் திட்டாதீர்கள். மலிவான யுஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

மூன்றாவது, இங்கே கேட்டில் வாட்ச்மேன் இல்லை. பாஸ்த்ரூவில் ஃபர்ம்வேர் கட்டளைகளைத் தடுத்த மாதிரி இங்கே யாரும் தடுப்பதில்லை. டிரைவ் முழுசாக கெஸ்ட்டின் கையில். 2014-லேயே ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்பி-யிடம் அதைக் கொடுக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். அந்த மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு வேலை பார்ப்பது நல்லது. டிஸ்க் எழுத இன்டர்நெட் எதற்கு?

வழி 3: உள்ளே சமைத்து, வெளியே பரிமாறுங்கள்

பலருக்கும் கடைசியாகத்தான் இது தோன்றும். உண்மையில் முதலில் முயல வேண்டிய வழி இதுதான்.

விர்ச்சுவல் மெஷின் நமக்கு எதற்குத் தேவைப்பட்டது? பழைய சாஃப்ட்வேரில் ப்ராஜெக்டைத் திறந்து, அதை ஒரு டிஸ்க்காகத் தயார் செய்ய. லேசரை வைத்து எழுதும் வேலைக்கு அந்தப் பழைய சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலான டிஸ்க் சாஃப்ட்வேர்களில் ‘பர்ன்’ பக்கத்திலேயே ‘இமேஜ் ஃபைலாக சேவ் செய்’ என்றும் ஒரு வழி இருக்கும். டிஸ்க்கில் என்னென்ன எழுதப்படுமோ அது அத்தனையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாகக் கிடைக்கும். வீடியோ டிவிடி சாஃப்ட்வேர் என்றால், டிவிடிக்கான ஃபோல்டரையாவது ஹார்ட் டிஸ்க்கில் எழுதித் தரும். இரண்டில் எது கிடைத்தாலும் போதும்.

அந்த ஃபைலை ‘ஷேர்டு ஃபோல்டர்’ வழியாக ஹோஸ்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் எழுதுவது ஹோஸ்ட்டின் வேலை. விண்டோஸ் 7 முதல் ஐஎஸ்ஓ ஃபைலை ரைட் கிளிக் செய்தாலே ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ வரும். வேறு சாஃப்ட்வேரே வேண்டாம். மேக்கில் ஃபைண்டரிலேயே அந்த வசதி உண்டு. லினக்ஸில் ‘கே3பி’, ‘பிரசேரோ’ இரண்டும் பல வருஷமாகப் பழக்கத்தில் இருப்பவை.

இதில் பொம்மை டிரைவ், பாஸ்த்ரூ, யுஎஸ்பி செட்டிங் என்று எந்தத் தலைவலியும் இல்லை. நிஜக் கம்ப்யூட்டர் நிஜ டிரைவோடு பேசுகிறது. இன்னொரு லாபமும் இருக்கு: எழுதும்போது ஒரு டிஸ்க் வீணானால், அதே ஐஎஸ்ஓ-வை இன்னொரு டிஸ்க்கில் எழுதலாம். எக்ஸ்பி-யை மறுபடி திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஒரு டிவிடி 4.7 ஜிபி வரை வரும். எக்ஸ்பி-யின் டிஸ்க் ‘ஃபேட்32’ முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபி-யைத் தாண்டிய ஒற்றை ஃபைலை அதில் வைக்க முடியாது. பாதியில் எரர் வரும். இமேஜை சேவ் செய்யும் முன் அது ‘என்டிஎஃப்எஸ்’ தானா, காலி இடம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓ எங்கே கைவிடும்?

எல்லா டிஸ்க்கும் ஐஎஸ்ஓ-வுக்குள் அடங்காது. டேட்டா டிஸ்க்கில் ஒவ்வொரு பகுதியிலும் நமக்குக் கிடைப்பது 2,048 பைட்கள். பாட்டு சிடியில் அதே பகுதி 2,352 பைட்கள். டேட்டா டிஸ்க்கில் பிழை திருத்தத்துக்காக ஒதுக்கிய இடத்தையும் அங்கே பாட்டே எடுத்துக்கொள்கிறது. பாட்டு சிடிக்கு ‘ஃபைல்’ என்ற கணக்கே கிடையாது, டிராக்குகள்தான். எனவே, பிளேயரில் ஓடுகிற பாட்டு சிடியையோ, பாட்டும் டேட்டாவும் கலந்த டிஸ்க்கையோ ஐஎஸ்ஓ-வாக எடுக்க முடியாது. அதற்கு ‘பின்/க்யூ’ என்ற வேறு ஜோடி ஃபைல்கள் தேவை.

டிஸ்க்கின் மேல்பக்கத்தில் லேசராலேயே படமும் பெயரும் பொறிக்கும் ‘லைட்ஸ்க்ரைப்’ போன்ற பழைய நுட்பங்களும் ஐஎஸ்ஓ-வுக்குள் அடங்காது. அங்கே டிரைவோடு நேரடியாகப் பேசியே ஆக வேண்டும். வழி 1, வழி 2 இரண்டும் இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான்.

டிஸ்க் வீணாகாமல் இருக்க…

எழுதும்போது லேசருக்கு டேட்டா விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். டிரைவுக்குள் இருக்கும் சின்ன நினைவகமான ‘பஃபர்’ காலியானால் எழுதுவது நின்றுபோகும். 90-களில் அப்படி நின்றால் அந்த டிஸ்க் குப்பைக்குத்தான் போகும். இல்லையென்றால் டீ கிளாஸுக்கு அடியில் வைக்கலாம். 2000-ஐ ஒட்டி சான்யோவின் ‘பர்ன்-ப்ரூஃப்’ போன்ற நுட்பங்கள் வந்தபிறகுதான், விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்து எழுத டிரைவுகள் கற்றுக்கொண்டன.

இன்றைய டிரைவுகளில் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் விர்ச்சுவல் மெஷினில் டேட்டா கடந்துவரும் பாதை நீளம். எனவே வழி 1 அல்லது 2-ல் எழுதுகிறீர்கள் என்றால்:

• முதல் சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ‘ஆர்டபிள்யூ’ டிஸ்க்கில் செய்யுங்கள். தப்பானால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

• எழுதும்போது விர்ச்சுவல் மெஷினை பாஸ் செய்வது, ஸ்னாப்ஷாட் எடுப்பது கூடவே கூடாது. மெஷின் உறைந்து நிற்கும், லேசர் காத்திருக்காது.

• லேப்டாப் தானாகத் தூங்கப் போகாதபடி ஸ்லீப் செட்டிங்கை மாற்றுங்கள். சார்ஜரையும் செருகிவிடுங்கள்.

• எழுத வேண்டிய ஃபைல்கள் ஷேர்டு ஃபோல்டரிலோ நெட்வொர்க்கிலோ இருந்தால், முதலில் கெஸ்ட்டின் சொந்த டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டு எழுதுங்கள்.

• எழுதும் வேகப் பட்டியலை சாஃப்ட்வேரில் பாருங்கள். அங்கே 4 எக்ஸ், 8 எக்ஸ் என்று வேகங்கள் தெரிந்தால் நிஜ டிரைவோடு பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். பட்டியல் காலி என்றால், செட்டிங்கில் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது.

‘100%’ வந்தால் போதுமா?

போதாது. ‘பர்ன் முடிந்தது’ என்று சாஃப்ட்வேர் சொல்வதற்கு, எல்லா டேட்டாவையும் அனுப்பிவிட்டேன் என்பதுதான் அர்த்தம். டிஸ்க்கில் ஒழுங்காகப் பதிந்ததா என்பது திரும்பப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். ‘வெரிஃபை’ என்ற ஆப்ஷனை ஆன் செய்துவைத்தால் சாஃப்ட்வேரே அதைச் செய்யும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பரவாயில்லை, ஆகட்டும்.

கல்யாண டிவிடி என்றால் மிஞ்சிப்போனால் ஒரு டிஸ்க் போகும், ஒரு கோபமான போன் வரும். நீதிமன்றத்துக்குப் போகும் டிஸ்க் என்றால் விஷயம் வேறு. 2014-ல் அன்வர் பி.வி. வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமல் தாக்கல் செய்த சிடிக்களை ஆதாரமாக ஏற்க மறுத்தது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அந்த இடத்தை 63-ம் பிரிவு எடுத்துக்கொண்டது. அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் ஃபைலின் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிப்பிடவும் இடம் உண்டு.

ஹாஷ் என்பது ஒரு ஃபைலின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும். எழுதும் முன் ஃபைலுக்கு ‘ஷா-256’ ஹாஷ் எடுத்துவைத்து, எழுதிய பின் வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டு அதே ஃபைலுக்கு மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ கமாண்டும் லினக்ஸில் ‘ஷா256சம்’ கமாண்டும் இதைச் செய்யும். இரண்டும் ஒன்றாக இருந்தால், கெஸ்ட், ஹோஸ்ட், யுஎஸ்பி, லேசர் என்று எத்தனை கை மாறி வந்தாலும் அந்த ஃபைல் மாறவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

‘வேறொரு கம்ப்யூட்டர்’ என்பது முக்கியம். எழுதிய டிரைவ், தான் எழுதியதைப் பெரும்பாலும் படித்துவிடும். வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டு டிரைவ் படிக்குமா என்பதுதான் கேள்வி.

உங்களுக்கு எது?

டேட்டா டிஸ்க், வீடியோ டிவிடி, ஸ்கேன் காப்பி, ஆதார ஃபைல் எல்லாவற்றுக்கும் முதல் தேர்வு வழி 3. உள்ளே இமேஜ், வெளியே பர்ன். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் டிரைவில் பாட்டு சிடி போன்ற வேலை என்றால் வழி 1. யுஎஸ்பி ரைட்டரும், டிரைவ் மாடலைப் பார்த்து வேலை செய்யும் பழைய சாஃப்ட்வேரும் என்றால் வழி 2. விர்ச்சுவல் மெஷின் உங்கள் மேஜையில் இல்லை, கிளவுடில் எங்கோ ஓடுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். ஐஎஸ்ஓ-வை டவுன்லோடு செய்து இங்கே எழுதுவதுதான் வழி.

அந்த ஸ்டுடியோக்காரர் செய்ய வேண்டியதும் அதுதான். எக்ஸ்பி-க்குள் ‘பர்ன்’ பட்டனோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ‘இமேஜாக சேவ் செய்’ என்பதை அழுத்தினால், கொஞ்ச நேரத்தில் தம்பதியின் கல்யாணம் ஒரே ஃபைலாக வெளியே வந்துவிடும். லேப்டாப்பில் இருந்தே டிஸ்க் எழுதி, கடையில் இருக்கும் டிவிடி பிளேயரில் தாலி கட்டும் இடம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

அந்த ஐஎஸ்ஓ ஃபைலை மட்டும் டெலீட் செய்ய வேண்டாம். தம்பதியிடமும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவது நல்லது. டிஸ்க்கில் மறுபடியும் கீறல் விழலாம், ஒருநாள் எக்ஸ்பி மெஷினே திறக்காமல் போகலாம். ஃபைல் கையில் இருந்தால், அடுத்த காப்பிக்கு இரண்டுமே தேவைப்படாது.